சண்முகவடிவு சத்தம் போட்ட ஆட்டம்

சண்முகவடிவின் குரல் இனிமையான குரல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் ஏமாந்துபோகக் கூடாது. தாலாட்டுக்கு அது ஆகாது, தூங்குகிற பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும். மாரியம்மன் கோயில் பஜனையில் ஒரே ஒரு தடவை சேர்ந்து பாடினாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பூத்தொடுக்கிற வேலையைக் கொடுத்துவிட்டார். ஆனால் கழுகுமேட்டுத் தேயிலைத் தோட்டத்தின் பத்தாம் நம்பர் மலையில் நின்று அவள் வாயைத் திறந்தால், பள்ளத்தைத் தாண்டி மூன்றாம் நம்பர் மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு தொண்டை.

அந்தத் தொண்டைக்குத் தோட்டத்தில் ஒரு உத்தியோகமும் இருந்தது. வேலை விடும் நேரத்தைக் காட்டக் கங்காணி ஒரு கொம்பு வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் அது வெடித்துப்போயிற்று. புதுக் கொம்பு வரும்வரை நீ ஒரு சத்தம் போடேன் என்று அவர் வடிவிடம் சொல்லப்போக, அவள் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து "ஓ... ஓய்" என்று நீட்டினாள். மலை மலையாக ஆட்கள் கருவியைக் கீழே போட்டார்கள். அதற்குப் பிறகு புதுக் கொம்பைப் பற்றிக் கங்காணியும் பேசவில்லை, துரையும் பேசவில்லை. வருடக்கணக்கில் அந்தத் தோட்டத்து ஆண்களுக்கு அவளுடைய "ஓய்" கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். காதில் விழுந்த மறு நொடி கை தானாக நின்றுவிடும்.

நாற்பத்தெட்டாம் வருடம் இறம்பொடைப் பக்கத்திலிருந்து நல்லமுத்துவுக்கு வாக்கப்பட்டு வந்தவள் அவள். வந்த புதிதில் விறகுக் கட்டோடு வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு பந்து வந்து கட்டின்மேல் மோதி விறகெல்லாம் சிதறிப்போயிற்று. சின்னத்துரை வேண்டாமென்று தூக்கிப்போட்ட பழைய தோல் பந்து அது. கவ்வாத்துக்காரர்கள் நாலைந்து பேர் வெறுங்காலோடு ஓடிவந்து, புதுப்பெண்ணைப் பார்த்ததும் கூச்சப்பட்டு நின்றார்கள். வடிவு பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"இந்த ஆட்டத்துக்கு என்ன சட்டம்னு சொல்லுங்க. அப்புறம் பந்தத் தர்றேன்."

சொன்னார்கள். கையால் தொடக்கூடாது என்பது அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. விடிந்ததிலிருந்து அடையும்வரை கைகளாலேயே வேலை செய்கிறவள் அவள். கையைக் கட்டிப்போட்டுவிட்டு மனிதன் என்னதான் செய்வான் என்று பார்க்க ஆசையாக இருந்தது. விறகை அப்படியே போட்டுவிட்டு இருட்டும்வரை நின்று பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு விடவேயில்லை.

ஐந்தாறு வருடத்தில் அந்த நாலைந்து பேர் கழகமாகிவிட்டார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிவபாதம் மாஸ்டர் செயலாளர் ஆனார். கண்டிப்பான மனிதர், வேட்டியில் ஒரு மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை. பச்சைச் சட்டை வந்தது, பேரேடு வந்தது, கூட்டம் கூடித் தீர்மானம் போடுகிற வழக்கமும் வந்தது. பெண்களுக்கு அதில் இடமில்லை. வடிவு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மைதானத்துக் கோட்டோரம் நிற்க ஓரடி இடம் இருந்தால் போதும், மிச்சத்தையெல்லாம் ஆண்கள் எழுதிவைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஆட்டம் இருக்கும் நாளில் அவளுக்கென்று சில முறைகள் இருந்தன. காலையில் வெறும் தேத்தண்ணிதான், ரொட்டி இறங்காது. ஐம்பத்தைந்தில் நாலு கோல் போட்டு ஜெயித்த அன்று போட்டிருந்த மஞ்சள் ரவிக்கையைத்தான் போடுவாள். கக்கத்தில் கிழிந்ததைத் தைத்துத் தைத்துத் துணியைவிட நூல் அதிகமாகிவிட்டது. ஆட்டம் தொடங்கும்போது ஒரு வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொள்வாள். தன் பக்கத்தார் கோல் போடும்வரை துப்புவதில்லை. கோலே விழாத ஆட்டங்களில் அவள் பட்ட பாட்டைப் பேச்சியம்மாவைக் கேட்டால்தான் தெரியும். பேச்சியம்மா லயத்தில் அடுத்த காம்பராக்காரி, கொழுந்து பறிக்கும்போது செடி வரிசையில் முதல் நிரைக்காரி.

மற்ற நாட்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? லயத்துக்குப் பின்னால் அவள் போட்டிருந்த போஞ்சி அவரைப் பாத்தி அந்த வரிசையிலேயே செழிப்பானது. பதினொரு குச்சி நட்டுக் கொடி ஏற்றியிருந்தாள். ஒவ்வொரு குச்சிக்கும் கழகத்து ஆட்டக்காரன் ஒருவன் பெயர். சேவல்களுக்கு எதிரித் தோட்டத்தார் பெயர். ஊத்துமலைத் தோட்டத்து முன்வரிசைக்காரர் ஐந்து பேருக்கும் அவள் வீட்டில் சேவல் இருந்தது. ஊத்துமலையை ஜெயித்தால் அதில் ஒன்று குழம்பாகும். படிக்கத் தெரியாதென்றாலும் கடையில் சாமான் சுற்றித் தரும் பத்திரிகைத் தாளில் பந்தாட்டப் படம் இருந்தால் விடமாட்டாள். கஞ்சி தடவி முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா லெட்சுமியை இழுத்துவந்து கீழே என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்கச் சொல்வாள்.

நல்லமுத்துவுக்குப் பந்தும் தெரியாது, கோலும் தெரியாது. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, அமைதியான மனிதன். ஆட்டம் முடிந்து அவள் வருகிற நடையை வாசலில் நின்று பார்ப்பான். தரை அதிர வந்தால் சேவலைப் பிடிப்பான். கால் இழுத்து வந்தால் அடுப்பை மூட்டி ரொட்டி சுடுவான். அவளுக்கு வாய்த்தது நல்ல புருஷன் என்று லயமே சொல்லும். அவளும் சொல்வாள், ஜெயித்த நாட்களில்.

இப்படி இருந்தவளுக்கு அறுபதாம் வருடம் வினை வந்தது.

தோட்டங்களுக்கிடையிலான கேடயப் போட்டி அந்த வட்டாரத்தில் பெரிய விஷயம். அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்குக் கழுகுமேடு முதல் தடவையாக வந்திருந்தது. எதிர்ப்பக்கம் ஊத்துமலை. டிக்கோயா மைதானத்தில் ஆட்டம். கழுகுமேடு ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. வடிவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்துக் காத்திருந்த நாள். சந்தோஷம் தலைக்கேறி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், இரண்டு கையையும் வாயருகே குவித்து அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள்.

"ஓ... ஓய்."

கோலுக்கு முன்னால் நின்ற தடுப்புக்காரர் நாலு பேருமே கவ்வாத்து வெட்டுகிறவர்கள். நாலு பேரும் நின்றார்கள். ஒருவன் காற்சட்டையில் கையைத் துடைத்தான். இன்னொருவன் கத்தியை எடுக்கக் குனிவதுபோல் குனிந்தேவிட்டான். ஊத்துமலைக்காரன் அவர்களுக்கு நடுவில் சந்தைக்குப் போகிறவன் மாதிரி நடந்துபோய்ப் பந்தைக் கோலுக்குள் தள்ளினான். கோல்காவல் சின்னத்தம்பிகூட வேலை முடிந்த முகத்தோடுதான் நின்றிருந்தான் என்று பிறகு சொன்னார்கள். அந்தத் திகைப்பு தெளிவதற்குள் இரண்டாவதும் விழுந்தது. கேடயம் ஊத்துமலைக்குப் போயிற்று.

யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. லொறியில் திரும்பிவரும்போது ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து சேவல்களும் அந்த வருடம் முழுக்கக் கொழுத்துத் திரிந்தன. விடிகாலையில் ஊத்துமலை முன்வரிசை மொத்தமும் கூரைமேல் ஏறி நின்று கூவும்போது, வடிவு போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அறுபத்தோராம் வருடம் கழுகுமேடு மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மறுபடியும் அதே ஊத்துமலை. கழகக் கூட்டத்தில் முதல் பேச்சே அவளைப் பற்றியதுதான். "அந்த மனுசியின்ரை வாய் இருக்கும்வரை எங்களுக்கு வேறை எதிரி தேவையில்லை" என்றார் சிவபாதம் மாஸ்டர். அவள் மைதானத்துப் பக்கம் வரக்கூடாது என்று தீர்மானம் எழுதப்போனார். தலைவனாக ஆடிய கணேசமூர்த்திதான் கொஞ்சம் இரங்கி, வரட்டும், வாய் திறக்காமல் நிற்கட்டும் என்றான். சும்மா சொன்னால் போதாது, அம்மன் முன்னால் சத்தியம் செய்யட்டும் என்றார் மாஸ்டர். இன்னொரு தடவை அவள் சத்தத்தால் தோற்றால், உயிருள்ளவரை எந்த ஆட்டத்துக்கும் வரக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

வடிவு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். உள்ளங்கையில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை மற்றக் கையால் அடித்து அணைத்தாள்.

"கோட்டோரம் நிப்பேன். என் வாயிலருந்து ஒரு சத்தம் வராது. ஆத்தா மேல சத்தியம்."

சொல்லிவிட்டு வெளியே வந்தபோது கொழுந்தெடுக்கிற பெண்கள் கோயில் வாசலில் நின்றிருந்தார்கள். பேச்சியம்மாவுக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒரு வருடம் ஒரு தப்பு நடந்துவிட்டது. அதற்குமுன் பன்னிரண்டு வருடம் இவள் கத்திக் கத்தித்தானே இந்த ஆம்பிளைகளுக்குக் காலில் உயிர் வந்தது, அது யாருக்கும் ஞாபகமில்லையா என்று கேட்டாள். பேச்சியம்மாவே முடிவு கட்டினாள்: "நீ வாய மூடுனா நாங்களும் மூடிக்கிறோம். எப்பிடி ஆடுறாங்கன்னு பாப்பம்."

ஆடினார்கள், பாருங்கள், அப்படி ஒரு ஆட்டம்! எழவு வீட்டில்கூட அதைவிடச் சத்தம் இருக்கும். டிக்கோயா மைதானத்தின் ஒரு பக்கம் ஊத்துமலைக்காரர்கள் தப்பும் மேளமும் வைத்துக்கொண்டு வானத்தைப் பிளந்தார்கள். இந்தப் பக்கம் கழுகுமேட்டுப் பெண்கள் நாற்பது பேர், தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, கற்சிலை மாதிரி நின்றார்கள். ஆண்கள் கொஞ்சம் கத்திப் பார்த்தார்கள். பழக்கமில்லாத தொண்டை, கம்மிப்போயிற்று. பச்சைச் சட்டைக்காரர்கள் ஓடுவார்கள், நடுவில் நின்று கோட்டோரத்தைப் பார்ப்பார்கள், என்னவோ தொலைந்துபோனது மாதிரி முழிப்பார்கள். பாதி ஆட்டத்துக்குள் ஊத்துமலை ஒரு கோல் போட்டது.

வடிவின் நிலைமையை என்ன சொல்வது? கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கண் நடக்கிறதெல்லாம் பார்க்கிறது. இடது ஓரக்காரன் முத்துலிங்கத்தைக் காவல் காக்க ஆளில்லை, அவனிடம் பந்தைக் கொடுங்கடா என்று நெஞ்சு கிடந்து அடிக்கிறது. வாய்மட்டும் பூட்டிக் கிடக்கிறது. கணேசமூர்த்தி எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு கோலைத் திருப்பிப் போட்டான். அப்போதுகூட அவள் துள்ளினாளே தவிர ஒரு முனகல் வரவில்லை. ஒன்றுக்கு ஒன்று. ஆனால் சமமாக முடிந்தால் கேடயம் போன வருடம் ஜெயித்தவர்களிடமே இருக்கும் என்பது போட்டிச் சட்டம். இன்னொரு கோல் வேண்டும். கால் மணிநேரம்தான் மிச்சம்.

அப்போதுதான் மூட்டம் இறங்கியது.

மலைநாட்டுப் பனிமூட்டம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மேலே மலை காணாமல்போகும், பிறகு மரம், பிறகு மைதானத்தின் அந்தப் பக்கம். ஊத்துமலை மேளம் மட்டும் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. ஹட்டன் ரயில் நிலையத்தில் வேலை செய்யும் சிங்கள ஐயா ஒருவர்தான் நடுவர். ஆட்டத்தை நிறுத்தி, நடுக்கோட்டில் நின்று இரண்டு கோல் கம்பங்களையும் பார்த்தார். நிழல்போலத் தெரிகிறவரை ஆடலாம், அதுவும் மறைந்தால் இருக்கிறபடி முடித்துவிடுவேன் என்றார். ஊத்துமலைக்காரர்களுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பந்தைக் கண்ட பக்கம் உதைத்துவிட்டுக் கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்றுகொண்டார்கள். கழுகுமேட்டுக்காரர்களோ பந்து எங்கே, கூட்டாளி எங்கே என்று தெரியாமல் கண் கட்டிவிட்ட மாடு மாதிரி சுற்றினார்கள்.

கோட்டோரம் வேகமாக நடந்துவந்த சிவபாதம் மாஸ்டர் பெண்களின் முன்னால் நின்றார். மழைத்தூறலில் வேட்டி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. தோட்டத்துக்கு வந்து எட்டு வருடமாகிறது அவருக்கு. மூட்டத்தில் கொழுந்து மலையிலிருந்து பெண்கள் போடும் சத்தத்தைப் பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே அவர் கேட்டிருக்கிறார். அது அந்தத் தோட்டத்து வழக்கம். முன்னால் இருப்பவள் முதுகுகூடத் தெரியாத மூட்டத்தில் வேலை செய்யும்போது ஒவ்வொருத்தியும் தன் நிரையில் இருந்தபடி தனக்கென்று ஒரு சத்தம் கொடுப்பாள். பேச்சியம்மாவுக்கு இரட்டை "ஏய்". ராசம்மாவுக்குக் குலவை. மீனம்மாவுக்கு "கூ". முதல் நிரையிலிருந்து கடைசி நிரைவரை யார் எங்கே நிற்கிறாள் என்று அதைவைத்துத்தான் தெரியும். கங்காணி ஒருமுறை வைத்த நிரை வரிசை எந்த மலைக்குப் போனாலும் மாறாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வரிசை கைவிரல் மாதிரி.

மாஸ்டர் வடிவைப் பார்த்தார். பன்னிரண்டு மாதமாக "அந்த மனுசி" என்று சொன்ன வாயால் முதல் தடவையாக அக்கா என்றார்.

"அக்கா, வாயைத் திறவுங்கோ. மலையிலை குடுக்கிற மாதிரிக் குரல் குடுங்கோ."

வடிவு முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். ஆனால் சத்தியம் சத்தியம்தானே.

"ஆத்தா முன்னால செஞ்ச சத்தியம், மாஸ்டர்" என்று காதோடு சொன்னாள். "நீங்க சொன்னாப்ல ஆச்சா?"

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். பிறகு கழுகுமேட்டுக் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி, அத்தனை பெண்களும் பார்க்க, தன் கன்னத்தில் தானே மூன்று தரம் போட்டுக்கொண்டார். "செய்விச்சவன் நான். திருப்பி எடுக்கிறதும் நான். வாற பாவமெல்லாம் என்னோடை" என்றார்.

அதற்குமேல் வடிவுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்களைத் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். நடுக்கோட்டில் பேச்சியம்மா, அவளுக்குப் பத்தடி தள்ளி ராசம்மா, அடுத்து மீனம்மா, இப்படியே நிரை வரிசைப்படி பதினாலு பேர். மூலைக் கொடிக்குப் பக்கத்தில், கடைசி நிரைக்காரியான அவளே. பந்து யாருக்கு முன்னால் வருகிறதோ அவள் மட்டும் குரல் கொடுக்க வேண்டும். மற்றவள் மூச்சுவிடக் கூடாது. தன்னைத்தானே ஒரு முறை எச்சரித்துக்கொண்டாள்: கடைசி நிரைச் சத்தம் "ஹோ", "ஹோ" மட்டும்தான், பழைய சனியன் பிடித்த "ஓய்" வந்துவிட்டால் இந்தக் கோட்டுக்கு அப்புறம் தனக்கு வாழ்க்கை இல்லை.

பேச்சியம்மா தொடங்கினாள். "ஏய், ஏய்."

மூட்டத்துக்குள் பத்துப் பச்சைச் சட்டையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததாம். பிறகு கணேசமூர்த்தி சொன்னான். அந்தச் சத்தம் எங்கே நிற்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாய் முதுகில் தொங்கிய காலத்திலிருந்து கேட்கிற சத்தம். இரண்டு தடவை பந்து ஓரமாக வந்து திரும்பிப் போயிற்று. ஊத்துமலைச் செயலாளர் துரைராசா, அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், குடையோடு ஓடிவந்து நடுவரிடம் முறையிட்டார். கோட்டுக்கு வெளியே நின்று கத்தக்கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை, உங்கள் மேளத்தை நான் நிறுத்தினேனா என்று நடுவர் சிங்களத்தில் கேட்டார். துரைராசாவுக்கு வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது தடவை கணேசமூர்த்தி பந்தை நடுக்கோட்டு ஓரமாக நீட்டித் தள்ளினான். முத்துலிங்கம் அதைப் பிடித்தான். "ஏய், ஏய்" என்றாள் பேச்சியம்மா. ராசம்மாவின் குலவை எழுந்தது. அடங்குவதற்குள் மீனம்மாவின் "கூ". சத்தம் ஓரத்தோடு ஓடியது, ஒன்றன்பின் ஒன்றாக, முத்துலிங்கத்தின் காலுக்கு முன்னால் ஓடியது. நடுவில், பந்தைக் கண்ணாலேயே காணாமல், கழுகுமேட்டு முன்வரிசைக்காரன் அழகன் சத்தத்தை எண்ணிக்கொண்டு ஓடினான். எட்டாவது, ஒன்பதாவது. ஊத்துமலைத் தடுப்புக்காரர்களுக்கும் எல்லாச் சத்தமும் கேட்டது. ஆனால் எந்தச் சத்தம் எந்த இடம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பதிமூன்றாவது குரல் அடங்கியது. மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முத்துலிங்கம் வடிவுக்கு எதிரே வந்துவிட்டான்.

"ஹோ... ஹோ."

ஆட்டம் முழுக்க அடைத்துவைத்த குரல் அது. மைதானம் மட்டுமல்ல, டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள் என்று பிறகு கதை கட்டினார்கள். முத்துலிங்கம் உதைத்தான். பந்து மூட்டத்துக்குள் போயிற்று.

பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது, ஊத்துமலை மேளம்கூட. வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனசில்லை. ஜெயிக்க வேண்டும், இன்றைக்கே ஜெயிக்க வேண்டும் என்று பிடிவாதமாக வேண்டிக்கொண்டாள். நடுவரின் விசில் நீளமாகக் கேட்டது. கண்ணைத் திறந்தபோது மூட்டத்துக்குள்ளிருந்து அழகன் ஓடிவந்துகொண்டிருந்தான். நெற்றியில் சேறு, பந்துத் தையலின் தடம், இரண்டு கையும் வானத்தில். தன் கூட்டாளிகளிடம் போகவில்லை அவன். நேரே பெண்களிடம் வந்தான்.

அதற்குப் பிறகு ஆடிய ஆறேழு நிமிடத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து, துரை கேடயத்தை எடுத்துக் கணேசமூர்த்தி கையில் கொடுத்தார். அவன் அதைக் கொண்டுவந்து, ஒரு துண்டைப் பட்டையாகக் கட்டி, கொழுந்துக் கூடை மாதிரி வடிவின் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுவிட்டான். அவள் அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள். லொறி ஹட்டன் கடைத்தெருவைத் தாண்டும்போது கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பதினாலு பெண்களும் நின்றுகொண்டு தங்கள் தங்கள் சத்தத்தை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். வாசலில் நின்ற நல்லமுத்து, அவள் லொறியிலிருந்து குதித்த அதிர்விலேயே புரிந்துகொண்டான். ஒரு சேவலா, இரண்டா என்று மட்டும் கேட்டான். ஐந்தும் என்றாள். லயம் முழுக்க அன்றைக்குக் குழம்பு.

ஆனால் ஊத்துமலை அவ்வளவு லேசில் விடவில்லை. தைப்பொங்கல் முடிந்த கையோடு துரைராசா எல்லாக் கழகங்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். இனிமேல் ஆட்டம் நடக்கும்போது பார்க்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டும், ஒவ்வொரு கழகமும் கூடித் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. சேதி வடிவுக்கு எட்டியபோது அவள் முதுகிலிருந்த கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டாள். அம்மனிடமிருந்து மீட்ட வாயை ஒரு காகிதம் பூட்டிவிடும்போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் கழகக் கூட்டம். பெண்கள் பதினாலு பேரையும் வரச் சொல்லி மாஸ்டரே ஆள் அனுப்பியிருந்தார். முதலில் கழகச் சட்டத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டும், பெண்களும் அங்கத்தவராகலாம் என்று எழுத வேண்டும் என்றார். ஓரிருவர் முணுமுணுத்தார்கள்; சின்னத்தம்பி திரும்பிப் பார்த்த பார்வையில் அதுவும் அடங்கியது. ஆண்கள் கையை உயர்த்தினார்கள். நிறைவேறியது. மாஸ்டர் பேரேட்டில் பதினாலு பெயரையும் எழுதினார். நல்லமுத்து மனைவி என்று எழுதவில்லை. சண்முகவடிவு என்று எழுதினார்.

வடிவுக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நாற்பத்தேழாம் வருடத் தேர்தலில், கல்யாணத்துக்கு முன்னால், இறம்பொடையில் அவள் நடந்துபோய் ஓட்டுப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வந்த குடியுரிமைச் சட்டங்களோடு தோட்டத்து ஆட்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து போயின. ஐம்பத்திரண்டில் வாக்குச்சாவடி வாசலைத் தாண்டிக் கொழுந்துக்குப் போனாள். அதற்கடுத்த தேர்தல்களிலும் அப்படித்தான். இந்த நாட்டில் அவளைப் பார்த்து உனக்குச் சம்மதமா, இல்லையா என்று யாரும் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று.

மாஸ்டர் துரைராசாவின் கடிதத்தை முழுக்க வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தச் சட்டத்துக்குச் சம்மதமில்லாத அங்கத்தவர்கள் கையை உயர்த்துங்கோ என்றார். அவர் பேச்சு முடிவதற்குள் கடைசி வாங்குப் பலகையிலிருந்த சண்முகவடிவு எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டாள். கூடம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார்.

"ஒரு கை போதும் அக்கா. ஆளுக்கு ஒண்டுதான்."

அவள் ஒரு கையை இறக்கினாள். மற்றதை, அவர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு கடைசி வாங்குக்கு வந்து, அவளையும் சேர்த்து எண்ணி, பேரேட்டில் எழுதி முடிக்கும்வரை இறக்கவில்லை.